இடது காலுக்கு வேலை இல்லை: ஆட்டோமேட்டிக் கார் முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது

என் மாமா அரசுப் பேருந்தில் முப்பது ஆண்டுகள் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலியைச் சுற்றி எந்தச் சாலையைச் சொன்னாலும், எந்த வளைவில் எந்தக் கியர் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவார். மகள் வாங்கித் தந்த ஆட்டோமேட்டிக் காரை முதல் நாள் எடுத்துக்கொண்டு கிளம்பியவர், தெருமுனை வேகத்தடையில் பழக்கதோஷத்தில் கிளட்சை மிதித்தார். அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக் மிதிதான் இருந்தது. கார் அறைந்ததுபோல நின்றது. பின்சீட்டில் அத்தையின் மடியிலிருந்த தூக்குவாளி முன்சீட்டின் முதுகில் மோதி, சாம்பார் முழுவதும் புது விரிப்பில் ஊறியது. அன்று மாலை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவர், நலம்கூட விசாரிக்காமல், "பிரேக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது, மாப்பிள்ளை" என்றார்.

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. அதன்பிறகு அவரும், அவரைப் பார்த்து ஆட்டோமேட்டிக் வாங்கிய மற்ற உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். பட்டறைக்கு வண்டியை விடும் முன் உங்கள் அறிகுறி இதில் இருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை காலை மாற்றி வைத்ததிலேயே தீர்ந்துபோயின.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் கியர் பெட்டி?

ஆட்டோமேட்டிக் என்பது ஒரே பொருள் அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதையும் பயன்படுத்த முடியாது. ஒரு வண்டிக்கு இயல்பானது இன்னொரு வண்டிக்கு நோய்.

லீவரில் 'பி' (பார்க், நிறுத்த) என்ற எழுத்தே இல்லாமல் 'ஆர்' (ரிவர்ஸ்), 'என்' (நியூட்ரல்), 'டி' (டிரைவ், முன்னே ஓட்ட) மட்டும் இருந்து, பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறிகள் இருந்தால், பெரும்பாலும் அது ஏஎம்டி. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து இந்தியாவில் பரவிய வகை இதுதான். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பெட்டியே. கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக ஒரு சிறு இயந்திரக் கை செய்கிறது. விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது.

டார்க் கன்வெர்ட்டர் பழைய பரம்பரை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே கிளட்சுக்குப் பதில் எண்ணெய் சுழலும் ஒரு கிண்ணம் இருக்கும். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவிடியில் பல்சக்கரக் கியர்களே கிடையாது. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டை ஓடும். டிசிடியில் இரண்டு கிளட்சுகள்: ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. வேகமாக மாற்றும், ஆனால் நெரிசலில் சூடாகும்.

உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் வண்டியோடு வந்த கையேட்டைத் திறங்கள். டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

மிகவும் பயமுறுத்துவதும் மிக எளிதில் தீர்வதும் இதுதான். ஆட்டோமேட்டிக் கார் இரண்டு நிபந்தனைகள் கேட்கும். லீவர் 'பி'-யிலோ 'என்'-னிலோ இருக்க வேண்டும். ஏஎம்டியில் 'என்' மட்டும். கால் பிரேக்கில் இருக்க வேண்டும். நேற்று இரவு 'டி'-யில் வைத்தே அணைத்துவிட்டுப் போயிருந்தால் காலையில் வண்டி அசையாது.

இரண்டும் சரி, பொத்தானை அழுத்தினால் விளக்குகள் மட்டும் எரிகின்றன, எஞ்சின் சுழலவில்லை என்றால் பிரேக் மிதியைக் கவனியுங்கள். கல்போல இறுகியிருக்கிறதா? எஞ்சின் அணைந்தபின் யாராவது, பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கையில் விளையாடிய குழந்தை, பிரேக்கை நாலைந்து முறை மிதித்திருப்பார்கள். பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் தீர்ந்து மிதி இறுகிவிடும். அப்போது நீங்கள் மிதிக்கும் அளவு, மிதித்திருப்பதாக வண்டிக்குத் தெரியாது. இருக்கையில் நன்றாகச் சாய்ந்து முழு பலத்தோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், 'பி'-யிலிருந்து 'என்'-னுக்கு மாற்றி முயலுங்கள். 'என்'-னில் மட்டும் உயிர் வந்தால், லீவர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, பட்டறையில் சொல்லுங்கள். சாவியைக் காணவில்லை என்று திரையில் எழுத்து வந்தால் சாவிக்குள் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம்; பல கார்களில் சாவியையே பொத்தான்மீது ஒட்டி வைத்து அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும். கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் பெரிய பேட்டரிதான்.

லீவர் 'பி'-யை விட்டு நகர மறுக்கிறது

முதலில் பிரேக். காலை பிரேக்கில் வைக்காமல் 'பி'-யிலிருந்து லீவரை எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு உள்ளே இருக்கிறது. இந்தப் பூட்டுக்கு ஒரு கதை உண்டு. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார், கியரில் போட்டதும் தானாகப் பாய்கிறது என்று புகார்கள் குவிந்தன. 1986-இல் அது தொலைக்காட்சி நிகழ்ச்சியாகி, விற்பனை சரிந்தது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து 1989-இல் அறிக்கை தந்தது: பெரும்பாலும் நடந்தது, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தது. கியருக்குப் போகும் முன் கால் பிரேக்கில் இருந்தே ஆக வேண்டும் என்ற பூட்டை அந்தக் கார்களுக்குப் பொருத்தினார்கள். இன்று எல்லோர் வண்டியிலும் அது இருக்கிறது. ஆகவே லீவர் மறுத்தால் எரிச்சலடையாதீர்கள்.

பிரேக்கை மிதித்தும் நகரவில்லையா? பின்னால் ஒருவரை நிற்கவைத்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் மிதிக்கு மேலே உள்ள சிறு சுவிட்சோ, அதன் ஃபியூஸோ போய்விட்டது. விலை குறைந்த பாகம். ஆனால் அது இல்லாமல் சாலையில் இறங்குவது ஆபத்து, பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. அவசரத்துக்கு லீவரை விடுவிக்க, அதன் பக்கத்தில் நகம் அளவு ஒரு சிறு மூடி இருக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி, மூடியைக் கிளப்பி உள்ளே சாவி முனையால் அழுத்தினால் லீவர் நகரும். எல்லா வண்டியிலும் இல்லை; கையேட்டில் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் லீவர் இறுகிக் கிடக்கிறது, பலமாக இழுத்தால் 'டங்' என்று பெரும் சத்தத்தோடு வருகிறது என்றால், சரிவில் நிறுத்தியிருக்கிறீர்கள். 'பி'-யில் வண்டியைப் பிடித்திருப்பது உங்கள் சுண்டுவிரல் அளவிலான ஓர் இரும்புப் பல்; அது கியர் பெட்டிக்குள் ஒரு சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. ஹேண்ட்பிரேக் போடாமல் 'பி'-யை மட்டும் நம்பினால், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அந்தப் பல்லின் மேல் தொங்கும்.

நிறுத்தும் வரிசையை மாற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடி 'என்'-னுக்குப் போங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வண்டி ஓர் அங்குலம் அசைந்து ஹேண்ட்பிரேக்கின் மேல் உட்காரும், அதை இடுப்பில் உணர்வீர்கள். மறுபடி பிரேக்கை மிதித்து 'பி'. பிறகு அணையுங்கள். மாமா இதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். பேருந்தின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துப் பழகியவர் அல்லவா?

சாவி வெளியே வரவில்லை

லீவர் 'பி'-யில் இல்லை. அவ்வளவுதான். ஏஎம்டிக்கு இந்தக் காவல் கிடையாது. அங்கே 'பி' இல்லாததால், வண்டியைக் கியரில் விட்டு அணைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட வேண்டும். 'என்'-னில் அணைத்துவிட்டு இறங்கினால் உங்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஹேண்ட்பிரேக் கம்பி ஒன்றுதான்.

நிற்கும்போது குலுங்குகிறது, எல்லோரும் முன்னால் விழுகிறார்கள்

தூக்குவாளிக் கதை. இரண்டு கால்களும் ஓட்டுகின்றன என்பதே காரணம். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது காலுக்கு முழு மிதிதான் தெரியும். கிளட்சைப் பாதி மிதித்தால் என்ன ஆகும் என்று அடிவாங்கிக் கற்ற கால் அது. அதே காலை பிரேக்கில் வைத்தால் அங்கேயும் அடி வரை அழுத்தும். அனுபவம் கூடக் கூட இந்த நோய் அதிகம். புதிதாகக் கற்றவருக்கு இது வருவதே இல்லை.

மாமாவுக்கு நான் சொன்ன வைத்தியம் வேடிக்கையாகத் தெரியலாம். "இடது காலை மடக்கி இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், மாமா. ஒரு வாரத்துக்கு அது உங்கள் கால் இல்லை." அவர் ஒரு படி மேலே போய் இடது காலில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். வெறும் காலில் தரை தட்டும்போதெல்லாம் 'இது சும்மா இருக்க வேண்டிய கால்' என்று நினைவு வந்ததாம். ஒரு வாரம் கழித்து, இடது ஓரத்தில் கால் வைப்பதற்கென்றே உள்ள சாய்வான மேடையில் காலைக் கொண்டுபோய் வைத்தார். அது அங்கேயே தங்கிவிட்டது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது காலுக்கு மட்டுமே சொந்தம். ஒரே கால் இரண்டையும் ஒரே நேரத்தில் மிதிக்க முடியாது என்பதுதான் இதில் இருக்கும் பாதுகாப்பு.

காலை எடுத்ததும் தானாக நகர்கிறது

நகரத்தான் வேண்டும். 'டி'-யில் பிரேக்கை விட்டால் டார்க் கன்வெர்ட்டர் வண்டி ஊர்ந்து போகும். மற்ற வகைகளையும் அப்படி ஊரும்படியே செய்திருக்கிறார்கள். ரத வீதி நெரிசலில் இது பெரிய வரம். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை விட்டுப் பிடித்தே ஊர்ந்துவிடலாம்.

ஒரே எச்சரிக்கை டிசிடிக்கும் ஏஎம்டிக்கும். பிரேக்கை அரைகுறையாக மிதித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகராதீர்கள். அந்த நேரம் முழுவதும் உள்ளே கிளட்ச் உரசிக்கொண்டிருக்கிறது. முன்னால் ஒரு வண்டி அளவு இடம் விழும்வரை காத்திருந்து, பிரேக்கை முழுதாக விட்டுப் போய், முழுதாக மிதித்து நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும்.

சிக்னலில் 'என்'-னுக்கு மாற்ற வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்றால் தேவை இல்லை. 'டி'-யில் பிரேக்கை நன்றாக மிதித்து நின்றால் போதும். ரயில்வே கேட் மூடியிருக்கிறது, சுண்டல் விற்பவர் வந்துவிட்டார் என்றால் 'பி'-யில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஊர்வதை நம்பி 'டி'-யில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது.

மேட்டில் பின்னால் உருள்கிறது

ஆட்டோமேட்டிக் உருளாது என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். டார்க் கன்வெர்ட்டருக்கு அது பெரும்பாலும் உண்மை. ஏஎம்டியில் மேட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி இல்லாத மாடல்கள் மேனுவல் வண்டி போலவே உருளும். வசதி இருந்தாலும் அது பிடிப்பது இரண்டு மூன்று விநாடிதான். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் நேரம் முடிந்துவிடும்.

பழைய முறைதான் இங்கும் கைகொடுக்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து, வண்டியின் முன்பக்கம் லேசாக எழுவது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள்.

செய்யக்கூடாதது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே மேட்டில் நிற்பது. உருளவும் இல்லை, ஏறவும் இல்லை என்று பெருமையாக இருக்கும். உள்ளே கிளட்ச் தேய்ந்து கருகும். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை மணியோ, கியர் பெட்டி சூடு என்ற எழுத்தோ வரும். வந்தால் ஓரமாக நிறுத்தி, 'பி'-யிலோ 'என்'-னிலோ வைத்து எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறது

ஏஎம்டி என்றால் இது அதன் பிறவிக் குணம். இயந்திரக் கை கிளட்சை எடுத்து, கியரை மாற்றி, மறுபடி சேர்க்கும் அந்தக் கணத்தில் இழுவை அறுந்துவிடும். நீங்களோ ஆக்சிலரேட்டரை மிதித்தபடி இருப்பீர்கள். எஞ்சின் உறுமுவது காதில் ஏறி, இப்போது மாறப்போகிறது என்று தெரியும் நேரத்தில், ஆக்சிலரேட்டரை ஒரு நூல் அளவு தளர்த்துங்கள். மேனுவலில் கிளட்சை மிதிக்கும்போது வலது கால் தானாகச் செய்துவந்த அதே வேலை. மாமா இதில் என்னைவிடத் தேர்ந்துவிட்டார். அவர் ஓட்டினால் அத்தை தூங்கிவிடுகிறார்.

சிவிடியில் தலையாட்டம் இருக்காது, கூச்சல் இருக்கும். ஆழமாக மிதித்தால் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும், வேகம் மட்டும் நிதானமாக ஏறும். ரப்பரை இழுத்துவிட்டதுபோல என்று சொல்லுவார்கள். பழுதல்ல. பாதி மிதியில் பொறுமையாக ஏற்றினால் சத்தமும் அடங்கும், பெட்ரோலும் மிஞ்சும்.

முந்தும்போது மிதித்தும் பாயவில்லை, பிறகு திடீரென்று பாய்கிறது

இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது இந்த ஒரு விநாடி தயக்கம் உயிரோடு விளையாடும். நீங்கள் மிதித்ததும் பெட்டி யோசிக்கிறது: இவர் அவசரத்தில் இருக்கிறார், இரண்டு கியர் இறங்க வேண்டும். இறங்கி, எஞ்சின் வேகம் ஏறி, பிறகுதான் இழுவை வரும். ஏஎம்டியில் இந்தத் தாமதம் அதிகம்.

ஆகவே வலப்பக்கம் விலகிய பிறகு மிதிக்காதீர்கள். இன்னும் லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே, எதிரே காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, லீவரை மேனுவல் பக்கம், அதாவது கூட்டல் கழித்தல் குறிகள் உள்ள பக்கம், தள்ளி ஒரு கியர் குறைத்துவிடுங்கள். எஞ்சின் தயாராகிவிடும், பிறகு விலகினால் மிதித்ததும் இழுக்கும். மேனுவல் பக்கம் இல்லாத வண்டிகளில் 'எஸ்' (ஸ்போர்ட்) இருந்தால் அதற்குப் போங்கள். இரண்டும் இல்லையென்றால் தூரத்தைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் வாடை அடிக்கிறது

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் இருக்கிறது. எண்ணிக்கை கீழிருந்து தொடங்குவதால், இறங்கும்போது முக்கால்வாசி முடிந்த பிறகுதான் அது வரும். ஆட்டோமேட்டிக் வாங்கிய முதல் ஆண்டில் நான் அந்தப் பாதையில் 'டி'-யில் வைத்தே இறங்கினேன். கியர் வண்டி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. வண்டி பார்த்துக்கொண்டது இதை: ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, வேகம் இருக்கிறது, எனவே பெட்ரோல் மிச்சம் பிடிக்க மேல் கியர். மேல் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. பிடித்ததெல்லாம் பிரேக். வியூ பாயிண்ட் வரும் முன்பே, தேய்ந்த இரும்பும் கருகிய ரப்பரும் கலந்த ஒரு வாடை உள்ளே நுழைந்தது. அடுத்த வளைவில் மிதி வழக்கத்தைவிட ஒரு விரல் ஆழம் இறங்கியது. அந்த ஒரு விரலை நான் இன்றும் மறக்கவில்லை.

நீலகிரி மலைப்பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கவும் என்று பலகைகள் வைத்திருக்கிறார்கள். மசினகுடிக்கும் ஊட்டிக்கும் இடையே கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசிகள். அங்கே இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் உயிர் போனவர்கள் உண்டு. அந்தப் பலகையைப் பார்த்து ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர், இது எனக்கில்லை என்று கடந்துவிடுகிறார். உங்களுக்கும்தான்.

லீவரை மேனுவல் பக்கம் தள்ளிக் கழித்தல் பக்கம் தட்டினால், திரையில் 2 என்று வரும். அதுதான் இரண்டாவது கியர். 'எல்' (லோ, கீழ் கியர்) அல்லது 2 என்று எழுதிய லீவராக இருந்தால் அதற்கு இழுங்கள். சிவிடியில் 'எல்' அல்லது 'எஸ்'. கணக்கு எளிது: ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும். இதைச் சரிவு தொடங்கும் முன்பே செய்யுங்கள். வேகம் பிடித்தபின் கேட்டால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகப் பெட்டி மறுத்துவிடும்.

எஞ்சின் கத்தும். பலர் இங்கேதான் பயந்து மறுபடி 'டி'-க்குப் போகிறார்கள், பெட்ரோல் கொட்டுகிறது என்று. கொட்டவில்லை. வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது இக்கால எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும்; சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. மாறாக, மிச்சம் பிடிப்பதாக நினைத்து 'என்'-னில் போட்டு இறங்கினால், எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் போகும், வண்டியைப் பிடிக்கவும் ஒன்றும் இருக்காது.

பிரேக்கையும் தொடர்ந்து தடவிக்கொண்டே இருக்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள், அது ஆறட்டும். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் தேநீர் குடியுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு கோணிவிடும்.

கொல்லிமலையில் 70 வளைவுகள். மாமா பேரப்பிள்ளைகளோடு போய் வந்தார். திரும்பி வந்து, "இரண்டில் போட்டேன் மாப்பிள்ளை, பேருந்து மாதிரியே இறங்கியது" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு.

நிறுத்தப் போன இடத்தில் வண்டி பாய்ந்துவிட்டது

சுவரோடு நின்றிருந்தால் உங்கள் நல்ல காலம். ஆடி 5000-இல் நடந்த அதே கதைதான் இன்றும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் நடக்கிறது. பிரேக் பிடிக்கவே இல்லை, அடி வரை மிதித்தேன் என்று சத்தியம் செய்வார்கள். அடி வரை மிதித்தது உண்மை. எதை என்பதுதான் கேள்வி.

ஏன் நிகழ்கிறது என்று கவனித்திருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது உடலைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறோம். இடுப்பு திரும்ப, வலது கால் தன்னறியாமல் வலப்பக்கம் நகர்கிறது. பிரேக் இருந்த இடத்தில் இப்போது ஆக்சிலரேட்டர். குதிகாலைத் தூக்கித் தூக்கி இரண்டு மிதிகளுக்கும் மாற்றுபவர்களுக்கே இது அதிகம். குதிகாலை பிரேக்குக்கு நேர் எதிரே தரையில் ஊன்றுங்கள். ஆக்சிலரேட்டருக்குப் பாதத்தின் முன்பகுதியை மட்டும் திருப்புங்கள். நிறுத்தும் வேலைக்கு ஊர்ந்து போகும் வேகமே போதும், ஆக்சிலரேட்டரைத் தொடவே தேவை இல்லை. முன்னும் பின்னும் மாற்றும் ஒவ்வொரு முறையும் முழுதாக நின்று மாற்றுங்கள். உருளும்போதே 'ஆர்'-இலிருந்து 'டி'-க்குத் தள்ளுவது பெட்டியின் பற்களுக்கும் கேடு.

வார் இல்லாத ரப்பர் செருப்பு, மிதிகளுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், பழைய விரிப்பின் மேல் போட்ட புது விரிப்பு ஆகியவற்றையும் வெளியே எடுங்கள்.

சாலையில் ஓடும்போது ஆக்சிலரேட்டர் உண்மையிலேயே சிக்கிக்கொண்டால், பிரேக்கை இடையில் விடாமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். லீவரை 'என்'-னுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். ஓரத்தில் நின்ற பிறகே அணையுங்கள். ஓடும்போது அணைத்தால் ஸ்டியரிங் இறுகும்.

பேட்டரி தீர்ந்தது, அல்லது கட்டி இழுக்க வேண்டியிருக்கிறது

தள்ளி ஸ்டார்ட் செய்யும் நினைப்பை விடுங்கள், எத்தனை பேர் கைகொடுக்க வந்தாலும். ஜம்பர் வயரை வண்டியிலேயே வைத்திருங்கள். சிவப்பு வயர் செத்த பேட்டரியின் கூட்டலிலிருந்து நல்ல பேட்டரியின் கூட்டலுக்கு. கறுப்பு வயர் நல்லதின் கழித்தலிலிருந்து, செத்த வண்டியின் எஞ்சினில் உள்ள பெயின்ட் படாத இரும்புக்கு.

டிராக்டர்காரர் கயிற்றோடு வந்து உதவுவார், மறுக்கச் சங்கடமாக இருக்கும். மறுத்துவிடுங்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்குள் எண்ணெயைச் சுற்றவைப்பது எஞ்சினால் ஓடும் பம்ப். எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் பெட்டி எண்ணெய் இல்லாமல் உரசும். முன்சக்கர இழுவை வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்க வேண்டும். வண்டியையே மேலே ஏற்றிச் செல்லும் லாரி கிடைத்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் இல்லை, வேறு ஏதோ என்றால்

அப்போது பட்டறைதான். 'டி'-யில் போட்டு மூன்று நான்கு விநாடி கழித்துத் தாமதமாக இழுக்கிறது; எஞ்சின் வேகம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை, அது சிவிடியும் இல்லை; நேற்றுவரை இல்லாத ஓர் உதறல் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது; நிறுத்திய இடத்தில் சிவப்பு எண்ணெய்த் துளிகள். இவை காலால் தீராதவை. கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு நிறம். பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் காலம் கடந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தால், யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். சிவிடிக்கு அதற்கென்றே உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்ற ஒப்புக்கொள்ளும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

போய் "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "வரவில்லையே" என்பார். வண்டி ஆறியிருக்கும்போதா சூடானபிறகா, எந்த வேகத்தில், எந்தக் கியர் எண் திரையில் இருந்தபோது, ஏறும்போதா இறங்கும்போதா என்று குறித்துக்கொண்டு போங்கள். மாமா இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறார். பணிமனையில் எழுதிய பழக்கம்: தேதி, கிலோமீட்டர், புகார், கையெழுத்து. கடைசிப் பதிவில் "இடது பின்கதவுக் கண்ணாடி மெல்ல ஏறுகிறது" என்று இருந்தது. அது கியர் பெட்டி விஷயம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "வண்டிதானே?" என்று கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டார்.